தேக்கடி: எந்த மாதம் போகலாம், அணையைப் பார்க்க முடியுமா, ஏரிக்குள் அந்தப் பட்ட மரங்கள் ஏன்?

வைகைக்கரை_வாசி கேட்டது:

மதுரையிலிருந்து காரில் தேக்கடி போகத் திட்டம். அறுபதைத் தாண்டிய அம்மா (முழங்கால் வலி உண்டு), பத்து வயசுப் பையன், நாங்கள் இருவர். டிசம்பர் கடைசி வாரம் அல்லது ஏப்ரல் கடைசி, இரண்டில் ஒன்று. விலங்கு பார்க்க எது தேவலை? படகு முல்லைப் பெரியாறு அணை வரைக்கும் போகுமா? போட்டோக்களில் ஏரி நடுவே கருப்பாக நிற்கிற மரங்களை ஏன் வெட்டாமல் விட்டார்கள்? மதுரைக்கு வருகிற தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிற இடத்தைப் பையனுக்குக் காட்டணும், அது எங்கே? கூடவே, பென்னிகுவிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்கிறார்களே, அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூடலூர்_மடை பதில்:

மாதத்தைப் பார்க்கிறதை விட அடியைப் பாருங்க. தேனி பதிப்பு நாளிதழில் தினமும் அணை நிலவரம் போடுவாங்க. பெரியாறுக்கு நேரே நீர்மட்டம், வரத்து, திறப்பு, இருப்பு என்று நாலு எண் இருக்கும். ஊர் சுற்றப் போகிறவருக்கு முதல் எண் போதும்.

அந்த அடிக்கணக்கு அணை நிற்கிற இடத்தில் ஆற்றுப் படுகையிலிருந்து எடுப்பது. தேக்கடியில் அவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைக்காதீங்க. ஏரி ஒரே குளமாகக் கிடக்கவில்லை. பெரியாறும் முல்லையாறும் சேர்கிற பள்ளத்தாக்கும் அதில் வந்து விழுகிற ஓடைகளும் முழுகியதால் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கு, பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு கிளையின் நுனிதான் தேக்கடி. அங்கே தரை மேடு. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற வாய்க்காலின் அடிமட்டமே 104 அடி. ஆக மட்டம் 142 என்றால் வாய்க்கால் முகத்தில் 38 அடித் தண்ணீர் நிற்கும்; 112 என்றால் 8 அடிதான். 104க்குக் கீழே போனால் ஏரியில் தண்ணீர் கிடக்கும், நம்ம பக்கம் ஒரு சொட்டு வராது. முழுக் கொள்ளளவு 15.6 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி) 5 டிஎம்சி அளவுக்கு இப்படி எடுக்கவே முடியாத இருப்பு.

மற்ற எண்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் செய்தி புரியும். 152 அடி வடிவமைத்தபோது வைத்த முழு மட்டம். 136 அடி உபரிநீர் மதகுகளின் தளம். அதன் மேல் 16 அடி உயர ஷட்டர்கள், கூட்டினால் 152. 1979ல் அணையின் பலம் பற்றிக் கேள்வி வந்தபோது 136க்கு இறக்கியதில் ஒரு வசதி இருந்தது. ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டால் அதற்கு மேல் வருகிற தண்ணீர் தானாக வழிந்துவிடும். பிறகு அணை மேல் கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்புக் கம்பிவட நங்கூரம், பின்பக்கம் கான்கிரீட் முட்டு என்று மூன்று விதமாகப் பலப்படுத்தினாங்க. 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அதே வருஷம் நவம்பர் 21ல் மட்டம் 142ஐத் தொட்டது. இப்போது 'ரூல் கர்வ்' என்று தேதிவாரி உச்சவரம்பு இருப்பதால், 142 வராமலே சில வாரங்களில் ஷட்டரைத் திறப்பாங்க. வழிகிற தண்ணீர் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குப் போகும், வைகைக்கு இல்லை.

இனி உங்க கேள்வி. மட்டம் 136ஐ ஒட்டி இருந்தால் தண்ணீர் காட்டு ஓரத்தையே தொட்டு நிற்கும். ஏரி பார்க்கப் பிரமாதம். ஆனா கரையோரப் புல்தரை முழுகிவிடுவதால் விலங்கு வெளியே வந்து நிற்க இடமில்லை. மழைக்காலத்தில் காட்டுக்குள் ஓடைக்கு ஓடை தண்ணீர் இருப்பதால் அதுக்கு ஏரிக்கு வரவேண்டிய அவசியமும் இல்லை. மட்டம் 115, 120 என்று இறங்கினால் கரையில் அகலமாகச் சேற்றுப் பட்டையும் அதற்கு மேலே இளம்புல்லும் தெரியும். யானை, காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் அந்தப் புல்லுக்குத்தான் வரும். சாதாரண வருஷத்தில் டிசம்பரில் மட்டம் அதிகம், ஏப்ரல் மேயில் குறைவு. விலங்குதான் முக்கியம் என்றால் ஏப்ரல் கடைசி. நடுவில் நல்ல கோடை மழை பெய்துவிட்டால் அந்தச் சாதகம் பாதி போச்சு.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதை ஒட்டி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு முதல் போகத் தண்ணீர் திறப்பாங்க. அந்தச் சமயம் ஏரிக்கு வருவதும் போவதும் ஒன்றாக இருக்கும். தேக்கடியில் விடாத மழை, அட்டை வேறு. குழந்தையோடு போக ஏற்ற காலம் இல்லை.

---

பாம்புத்தாரா பதில்:

மரங்களைப் பற்றி. 1895ல் தேக்கிய தண்ணீர் காட்டின் மேலேயே ஏறியது. அவ்வளவு காட்டையும் அழித்துவிட்டுத் தேக்குகிற வசதி அன்றைக்கு இல்லை. மரம் மட்க வேண்டுமானால் ஈரம், காற்று இரண்டும் சேர்ந்து வேண்டும். எப்போதும் முழுகியே கிடக்கிற அடிமரத்தில் காற்று புகாது, அதனால் பூஞ்சை வேலை செய்யாது. மட்டம் ஏறி இறங்குகிற உயரத்தில்தான் அரிப்பு அதிகம். கிளையெல்லாம் போய், மேல் பகுதி கூராக மெலிந்து, வைரம் பாய்ந்த நடுக்கட்டை மட்டும் மிஞ்சி நிற்பது அதனால்தான். 125 வருஷத்துக்கு மேலாகியும் பல கட்டைகள் அசையவில்லை.

ஒவ்வொரு கட்டையையும் பைனாகுலரில் பாருங்கள். உச்சியில் எச்சத்தால் வெள்ளை பூசினது போல இருந்தால் அது நீர்க்காகமோ பாம்புத்தாராவோ தினமும் உட்கார்கிற இடம். இவற்றின் இறகில் தண்ணீர் ஊறிவிடும். முங்கி மீன் பிடிக்க அது வசதி, ஆனால் ஒவ்வொரு முறையும் மேலே வந்து சிறகை விரித்துக் காயவைத்தாக வேண்டும். பாம்புத்தாராவின் கழுத்து ஒல்லியாக, நடுவில் ஒரு முறுக்கோடு இருக்கும். நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரிவதால் பையன் பாம்பு என்றே நினைப்பான். கட்டையின் அடியில், தண்ணீர் ஓரத்தில், ஏழெட்டுத் தலை ஒன்றாக எழும்பி முங்கினால் அது நீர்நாய்க் கூட்டம். பெரிய மிருகம் வராத நாளிலும் இந்த இரண்டுக்காகவே படகு ஏறலாம்.

படகோட்டிகளுக்கு இதே கட்டைகள் தலைவலி. மட்டம் குறையும்போது தண்ணீருக்கு அரை அடி கீழே மறைந்து நிற்கிறதுதான் ஆபத்து. அதனால் படகு பழைய ஆற்றுத் தடத்தை விட்டு விலகாது. "இன்னும் கொஞ்சம் கரைகிட்ட போங்க" என்று கேட்டுப் பயனில்லை.

---

அனவச்சால்_பஸ் பதில்:

படகு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

குமுளியிலிருந்து படகுத்துறை சுமார் 4 கிலோமீட்டர். சொந்த வண்டி உள்ளே போகாது. அனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போகணும். காட்டுக்குள் நுழையும் கட்டணம் வேறு, படகு டிக்கெட் வேறு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றது இருக்கிறது என்று நம்பித் துறை வரை போய்த் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. படகு டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், பதிவு செய்தவரின் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கட்டணம் அடிக்கடி மாறும், பதிவு செய்யும் நாளில் பார்ப்பதுதான் கணக்கு.

காலை 7.30, 9.30, 11.15, பிற்பகல் 1.45, 3.30 என்று ஐந்து நடை, ஒன்றரை மணி நேரம். முதல் நடையும் கடைசி நடையும்தான் விலங்குக்கு. 11.15, 1.45 வெயிலில் எல்லாம் நிழலுக்குப் போயிருக்கும். ஏரியை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. டிசம்பரில் 7.30 நடையில் பனிமூட்டம் விலக நேரமாகும், குளிரும். அம்மாவுக்கு மப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நடைக்கு 6.30க்கே மைதானத்தில் இருக்கணும். பஸ் வரிசை, நடை, ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 2009 செப்டம்பர் 30ல் ஜலகன்யகா என்ற இரட்டைத் தட்டுப் படகு மணக்கவலையில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகத்தைப் பார்த்ததும் மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், யார் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. மேலே எடை கூடினால் படகின் சமநிலை எளிதில் போய்விடும். இன்றைக்கு ஊழியர் "எழுந்திருக்காதீங்க" என்று கத்துவது அதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பையனுக்குச் சின்ன அளவு ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் தண்ணீரில் உடம்பு கீழே நழுவி ஜாக்கெட் முகத்துக்கு ஏறிவிடும். போட்டு, கிளிப் எல்லாம் மாட்டி, வாரை இழுத்துவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் தளர்வு, இன்னும் இறுக்கணும்.

மூங்கில் தெப்பம் வேறு விஷயம். காலை 8 முதல் மாலை 5 வரை, நடையும் துடுப்பும் கலந்தது. பத்துப் பேர் கொண்ட குழு, கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும். வழிகாட்டிகளில் பலர் ஒரு காலத்தில் இந்தக் காட்டில் வயனா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். தொண்ணூறுகளில் சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து அவர்களையே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் திருப்பினார்கள். காட்டுத் தடம் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. முழங்கால் வலிக்கும் பத்து வயசுக்கும் இது வேண்டாம். மற்றவர்கள் போனால், முழங்கால் வரை வருகிற துணி அட்டை உறையைப் பேண்டுக்கு மேலே இழுத்துக் கட்டி அதற்கு மேல் ஷூ போடணும். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள், தானே விழும்.

ஏரியில் குளிக்க, நீந்த, தூண்டில் போட அனுமதி இல்லை. மன்னான், பளியர் பழங்குடியினர் மட்டும் மீன் பிடிப்பார்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

அணைக்குச் சுற்றுலாப் படகு போகாது. தமிழ்நாட்டு நீர்வளத்துறைப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து தங்கள் துறைப் படகிலோ வல்லக்கடவு காட்டுப்பாதையில் ஜீப்பிலோ போவார்கள். பொதுமக்களுக்கு இரண்டு வழியும் அடைப்பு.

---

சுண்ணாம்புச்_சுர்க்கி பதில்:

சொத்து விற்ற கதைக்கு எழுத்து ஆதாரம் யாரும் காட்டியதில்லை. அணை மதராஸ் அரசின் பணத்தில் கட்டியது. கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. அவர் செய்த வேலையே போதும்.

யோசனை அவருடையது மட்டும் இல்லை. 1789லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப ஆள் அனுப்பி ஆராய்ந்தார். பணம் இல்லாமல் நின்றது. 1808ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1860களில் ரைவ்ஸ் என்ற இன்னொரு பொறியாளர் ஒரு மண் அணைத் திட்டம் போட்டார். 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்த பிறகுதான் அரசுக்கு அவசரம் பிறந்தது. 1882ல் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தச் சொன்னார்கள்.

இடம் திருவிதாங்கூருடையது. 1886 அக்டோபர் 29ல் 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970ல் அதை 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். (142ஆ 136ஆ என்கிற சண்டைக்கு வேறு திரி இருக்கிறது, அங்கே போடுங்கள்.)

1887ல் வேலை தொடங்கியது. ஓடுகிற ஆற்றுக்குள்ளே, கட்டின தற்காலிகத் தடுப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் போக, மறுபடி மறுபடி கட்டினார்கள். மலேரியாவில் கூலி ஆட்கள் கும்பலாகச் செத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுண்ணாம்பை மலைக்கு ஏற்றக் கம்பிவடப் பாதை போட்டார்கள். அணையின் முகமும் முதுகும் கருங்கல் கட்டு. வயிற்றுக்குள் சுண்ணாம்பு, சுர்க்கி, கல் கலந்த கலவை. சுட்ட களிமண்ணை அரைத்த தூள்தான் சுர்க்கி. வெறும் சுண்ணாம்பு காற்றுப் படாமல் இறுகாது. சுர்க்கி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். சிமெண்ட் கைக்கெட்டாத காட்டில் அத்தனை கனக் கட்டுமானத்துக்கு அதுதான் வழி. ஆனால் கசிவு நீர் காலப்போக்கில் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். கசிவை இன்றைக்கும் அளந்துகொண்டே இருப்பது அதனால்தான். நீளம் 1,200 அடி, மேல்தளம் 155 அடி மட்டத்தில், அடி அஸ்திவாரத்திலிருந்து 176 அடி. பக்கத்துத் தாழ்வான மேட்டை அடைக்க 240 அடி நீளத்துக்குப் பேபி அணை. 1895 அக்டோபர் 10ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

ஆனா, என் கணக்கில் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் அணையில் இல்லை, சுரங்கத்தில் இருக்கு. அணை தண்ணீரை உயர்த்தித் தேக்கடி முகடு வரை கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். முகட்டைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் போட்டதால்தான் அது கிழக்கே விழுகிறது. காடு காப்பாற்றப்பட்டதும் இந்த ஏரியால்தான். 1934ல் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சுற்றி நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அறிவித்தது. 1950ல் அது பெரியாறு சரணாலயம் ஆகி, 1978ல் புலிகள் காப்பகம் ஆனது.

---

வைகைக்கரை_வாசி:

அருமை, எல்லோருக்கும் நன்றி. அப்போ ஏப்ரல் கடைசி என்று வைத்துக்கொள்கிறேன். அம்மாவால் படகுத்துறைப் படி இறங்க முடியுமா? தண்ணீர் இறங்குகிற இடம் எங்கே என்று யாரும் சொல்லவில்லையே? போகும்போது பார்ப்பதா, திரும்பும்போதா?

---

கூடலூர்_மடை பதில்:

நம்ம ஊர் வழியாத்தான் வரணும் நீங்க. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலையேறிக் குமுளி. மதுரையிலிருந்து நாலு மணி நேரம் வைத்துக்கோங்க. டிசம்பரை விட்டது நல்லதாப் போச்சு. சபரிமலை சீசனில் கூட்டம் கூடினால் மேலே போகிற வண்டியைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி மலைப்பாதையை இறங்குகிற வண்டிக்கு மட்டும் விடுவாங்க.

ஏப்ரலில் ஒரு சிக்கல், சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அனுமதி, குமுளியில் கால் வைக்க இடம் இருக்காது. சில வருஷம் அது மேயில் வரும். காலண்டர் பார்த்து அந்த நாளையும் முந்தின நாளையும் தவிர்த்துடுங்க.

தண்ணீரைத் திரும்பும்போது பாருங்க. மேலே ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கினால்தான் பையனுக்கு விளங்கும். குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது நாலு பெரிய இரும்புக் குழாய் மலைச்சரிவில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்குவது தெரியும். அது பெரியாறு நீர்மின் நிலையத்துக்கு, 1958லிருந்து ஓடுது. ஒரு குழாய்க்கு விநாடிக்கு 400 கனஅடி, நாலுக்கும் 1,600. அதற்கு மேல் திறந்தால் உபரி இரைச்சல் பாலம் வழியாக அருவி மாதிரி விழும். வளைவில் வண்டியை நிறுத்தாதீங்க, அகலமான ஓரம் பார்த்து ஒதுக்குங்க. கீழே லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கு, 2013ல் திறந்தது. மின்நிலையம் தாண்டின தண்ணீர் சுருளியாற்றோடு சேர்ந்து பள்ளத்தாக்கு முழுக்க முல்லைப் பெரியாறு என்ற பெயரிலேயே ஓடி, வைகையில் கலந்து, 71 அடி வைகை அணைக்குப் போகும். அங்கிருந்து பேரணை வந்து பெரியாறு பிரதான வாய்க்காலில் மேலூர் பக்கம் பிரியும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிடறேன். ஏப்ரலில் பெரும்பாலும் குடிநீருக்கு மட்டும் நூறு, இருநூறு கனஅடிதான் திறப்பாங்க. ஒரு ஜெனரேட்டரை ஓட்டக்கூட அது காணாது, இரைச்சல் பாலத்தில் பெரிய அருவியை எதிர்பார்க்காதீங்க.

---

அனவச்சால்_பஸ் பதில்:

படி பற்றி: பஸ் நிற்கிற இடத்திலிருந்து துறைக்குச் சரிவும் படியும் உண்டு. மட்டம் குறையக் குறைய இறங்க வேண்டிய தூரம் கூடும், ஏப்ரல் கடைசியில் அதிகமாகவே இருக்கும். இறங்குவது பரவாயில்லை, ஏறி வருவதுதான் அம்மாவுக்குச் சிரமம். 7.30 நடை என்றால் திரும்பி ஏறும்போது ஒன்பது மணி, வெயில் ஏறியிருக்காது, 3.30 நடையை விட அதுதான் நல்லது. டிக்கெட் போடும்போது கீழ்த்தட்டில் இடம் கேளுங்கள், படகுக்குள் ஏணிப்படி ஒன்று மிச்சம். கைத்தடி எடுத்து வாருங்கள், துறையில் வாடகைக்கெல்லாம் கிடைக்காது.